சர்க்கரையே மருந்தாகும் வேளை



சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பல வீடுகளில் சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்கு ஏறிவிடுகிறது. காப்பியில் சர்க்கரை நின்றுவிடுகிறது. பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தாவுக்கு ஸ்வீட் கொடுக்கக் கூடாது" என்று காவல் காக்கிறார்கள். இவையெல்லாம் நல்லதே. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளுகிறவருக்குச் சில வேளைகளில் அதே சர்க்கரை உடனே கொடுக்கப்பட வேண்டிய மருந்தாகிவிடுகிறது. அந்த வேளையில்தான் கூட இருப்பவர்கள் டப்பாவைத் தொடப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நீங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணித்தது. இவர்களில் எல்லோரும் இன்சுலின் போடுவதில்லை. ஆனாலும் உங்கள் தெருவிலும், உங்கள் சபையிலும், ஒருவேளை உங்கள் வீட்டிலேயும் ஊசி போட்டுக்கொள்ளுகிற ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நேரத்தில் அருகில் டாக்டர் இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடுகிற சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் திரட்டினால் ஏறக்குறைய 5 கிராம்தான் தேறும். அதாவது ஒரு தேக்கரண்டி! ஆனால் மூளை மட்டும் ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அதைச் சேர்த்து வைத்துக்கொள்ள மூளையில் இடம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இரத்தம் கொண்டுவந்து கொடுப்பதை நம்பியே அது நிமிடத்துக்கு நிமிடம் வேலை செய்கிறது.

அந்த ஒரு தேக்கரண்டி குறையாமல் பார்த்துக்கொள்ளுவது கல்லீரல். அது வீட்டுப் பத்தாயத்தைப் போன்றது. சாப்பிட்டபின் மிஞ்சும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொண்டு, பசி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொடுக்கும். வியாதி இல்லாதவருக்குச் சாப்பாடு தாமதமானால் கணையம் இன்சுலின் சுரப்பதைத் தானாகவே குறைத்துவிடும். அதே கணையத்திலிருந்து வரும் குளுக்ககான் என்ற மற்றொரு சுரப்பு, பத்தாயத்தைத் திறக்கும்படி கல்லீரலுக்குச் சொல்லும். அதனால்தான் நாம் ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் மயங்கி விழுவதில்லை.

ஊசியில் போட்ட இன்சுலினுக்கோ இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தோலுக்கடியில் போட்டாயிற்று என்றால் போட்டதுதான். சாப்பாடு வந்ததா, வரவில்லையா என்று அது பார்ப்பதில்லை. சர்க்கரை தாழ்ந்துகொண்டே இருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை தாழ்தல் என்ற ஆபத்தின் அடிப்படை இதுதான்.

இது புதிதாகக் கண்டறிந்த விஷயமும் அல்ல. 1921-ல் கனடாவிலுள்ள டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் நாய்களைக்கொண்டு சோதித்து இன்சுலினைக் கண்டார்கள். அதைச் சுத்திகரித்த காலிப் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ஊசி போட்டபோது, அவை வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்தன. 1922 ஜனவரியில் முதல் மனிதனாக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் போடப்பட்டது. இன்று சிரிஞ்சில் நாம் பார்க்கும் "யூனிட்" என்ற அளவே, பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை எவ்வளவு மருந்து தாழ்த்துகிறது என்று பார்த்து முதலில் வகுக்கப்பட்டதுதான். மருந்தும் அதன் ஆபத்தும் ஒன்றாகவே பிறந்தன என்று சொல்லலாம்.

எப்படித் தெரிந்துகொள்ளுவது?

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் அது எச்சரிக்கை. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும்.

முதலில் வருவது சரீரம் அடிக்கும் அபாய மணி. கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். குளிர்ந்த வியர்வை, நெற்றியிலும் பிடரியிலும் முத்து முத்தாக நிற்கும். திடீரென்று தாங்கமுடியாத பசி எடுக்கும். இந்தக் கட்டத்தில் நோயாளியே எழுந்து சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள முடியும்.

அது தவறினால் மூளைக்குப் பட்டினி தொடங்குகிறது. பேச்சு குழறும். கண் இரண்டிரண்டாகக் காட்டும். நடை தள்ளாடும். எப்போதும் சாந்தமாக இருக்கிற மனுஷர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். "ஒன்றும் வேண்டாம் போ" என்று கொடுக்கிற தம்ளரைத் தட்டிவிடுவார். அவர் பிடிவாதம் பிடிப்பதாக எண்ணி விலகிப் போய்விடாதிருங்கள். பேசுவது அவர் அல்ல, பட்டினி கிடக்கும் மூளை. இதற்கும் அடுத்த கட்டம் வலிப்பும் நினைவிழப்பும்.

இந்த அடையாளங்களை நம் ஜனங்கள் வேறு பல காரியங்களாக எண்ணிவிடுகிறார்கள். பஸ் நிலையத்தில் தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வயதான அம்மாள் சம்பந்தமில்லாமல் பேசினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். இவற்றைவிட அதிகமாய் நடப்பது, "லோ பிரஷர்" என்று சொல்லி உப்புப் போட்ட மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ கொடுப்பது. உப்பினால் இந்த மயக்கம் தெளியாது. இன்சுலின் போடுகிறவர் வியர்த்துத் தடுமாறினால், வேறு எது என்று நிரூபிக்கப்படும்வரை அது சர்க்கரைத் தாழ்வுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வருவது இன்னும் மறைவானது. காலையில் தலையணை உறை நனைந்திருப்பது, கெட்ட சொப்பனங்கள், எழுந்தவுடன் தலைவலி, இரவெல்லாம் தூங்கியும் அசதி: இவை அடிக்கடி நேர்ந்தால் ஓரிரு நாள் அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு எழுப்பிச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

குளுக்கோமீட்டர் கையருகே இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் அதைத் தேடி நேரத்தைக் கழிக்கவேண்டாம். விழுங்கக்கூடிய நிலையில் அவர் இருக்கிறாரா என்று மட்டும் கவனித்து, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை அரைத் தம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். இது ஏறக்குறைய 15 கிராம். குளுக்கோஸ் இல்லையென்றால் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரை; அதுவும் இல்லையென்றால் ஒரு மேஜைக்கரண்டித் தேன், அல்லது அரைத் தம்ளர் பழச்சாறு. உட்காரவைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடியும் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால், அல்லது தெளிவு வரவில்லையென்றால், அதே அளவை இன்னொரு முறை கொடுங்கள்.

"ஏற்கெனவே சர்க்கரை வியாதி, இதில் சர்க்கரையும் கொடுத்தால் ஏறிவிடாதா?" என்று கேட்பார்கள். ஏறலாம். சில மணி நேரம் 200 அல்லது 250 என்று காட்டலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. அது தானே இறங்கும். ஒருவேளை நாம் ஊகித்தது தவறாகி, அவருக்குச் சர்க்கரை தாழாமலே இருந்தாலும், மூன்று தேக்கரண்டியினால் பெரிய கேடு வராது. கொடுக்காமல் விட்டால் வரக்கூடிய கேட்டையும் இதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

எது உதவாது என்பதையும் சொல்லவேண்டும். சாக்லெட், பால்கோவா, மைசூர்பாகு போன்றவற்றில் கொழுப்பு மிகுதி. சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு மாத்திரைகளும், "டயட்" என்று எழுதிய பானங்களும் நாக்கை ஏமாற்றுமேயன்றி மூளைக்கு ஒன்றும் தராது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டரில் இருப்பதே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு தம்ளரில் மூன்று கிராம்கூட இராது. இளநீரும் இந்த அவசரத்துக்குப் போதாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைந்து சேர வெகுநேரமாகும். மாத்திரையின் வேலையே அதுதான். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே கொடுக்கவேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்து, இந்தப் பெயர்கள் உண்டா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

தெளிந்தபின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ நான்கு பிஸ்கட்டோ சாப்பிடச் சொல்லவேண்டும். கொடுத்த குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துபோகும். உள்ளே போன இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் தீராது.

நினைவு இல்லாவிட்டால்

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீரும் கூடாது, காப்பியும் கூடாது, சர்க்கரைக் கரைசலும் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். சர்க்கரைத் தாழ்விலிருந்து பிழைக்கவேண்டியவர், அன்போடு ஊற்றிய அந்த ஒரு மடக்கினால் நுரையீரல் கெட்டுப்போக நேரிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பொய்ப்பல் இருந்து எளிதில் வருமானால் எடுத்துவிடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதும் வேண்டாம். அடிபடாதபடி சுற்றிலுமுள்ளதை நகர்த்தினால் போதும். டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்து வாங்கி வைத்த குளுக்ககான் மருந்து வீட்டில் இருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் 108-க்குப் போன் செய்து, "இன்சுலின் போடுகிறவர், நினைவில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

மருத்துவமனையில் செய்வது எளிய காரியம்தான். குளுக்கோஸை நேரே இரத்தக்குழாயில் ஏற்றுகிறோம். கட்டையாய்க் கிடந்தவர் சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்பதுண்டு. உடனே வீட்டார், "சரியாகிவிட்டதே, கூட்டிக்கொண்டு போகலாமா?" என்பார்கள். இங்கேதான் அவர்களைக் கெஞ்சி நிறுத்தவேண்டியிருக்கிறது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் மறுபடியும் சர்க்கரையை இறக்கிவிடும். மாத்திரையினால் வந்த தாழ்வு ஒரு நாளுக்குப் பின்னும் திரும்பலாம். ஒரு ராத்திரி படுக்கையில் வைத்துப் பார்ப்பது வீண் செலவு அல்ல.

ஏன் தாழ்ந்தது?

தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல், ஏன் தாழ்ந்தது என்று தேடவேண்டும். முக்கால்வாசிக் கதை சாப்பாட்டு நேரம்தான். காலையும் மாலையும் போடும் கலப்பு இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குப் போட்டால் அதன் ஒரு பகுதி மதிய வேளையில் உச்சத்தில் நிற்கும். 10 மணிக்குக் கலியாண ஆராதனை, பிறகு வாழ்த்துரைகள், புகைப்படம் என்று பந்தி இரண்டு மணிக்குப் போனால் என்னவாகும்? இன்சுலின் போடுகிறவர்களை முதல் பந்தியில் உட்காரவைப்பது ஒரு மருத்துவ உதவிதான் என்பதைக் கலியாண வீட்டார் அறிந்தால் நல்லது.

அடுத்தது சிரிஞ்சு. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட்! பேனாவில் போடும் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுக்கும்போதெல்லாம் எண்ணைப் படித்துப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் வேறொருவர் மருந்தை இழுத்துக் கொடுக்கட்டும். போட்டவுடன் காலண்டரில் ஒரு கோடு கிழித்துவிட்டால், மறந்துபோய் இரண்டாம் முறை போடுவது நேராது.

ஒரே இடத்தில் வருடக்கணக்காய்ப் போட்டால் தோலுக்கடியில் கட்டி போலத் தடிக்கும். அங்கே போடும் மருந்து ஒழுங்காக உடலில் சேராது. அதனால் அளவு ஏறிக்கொண்டே போயிருக்கும். ஒருநாள் நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால் முழுவதும் சேர்ந்து சர்க்கரையை வீழ்த்திவிடும். மது அருந்தினாலும், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது தடைபடும். அன்றாடம் செய்யாத கடும் உழைப்பு, காய்ச்சலினால் சாப்பாடு குறைதல், வாந்தி ஆகியவையும் காரணங்களே.

வயதானவர்களின் விஷயத்தில் சிறுநீரகத்தை நினையுங்கள். இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் அதே மருந்து அதிக நேரம் தங்கும். "பத்து வருஷமாய் இதே அளவுதான் போடுகிறேன்" என்று பெருமையாய்ச் சொல்லுகிறவருக்கு, அந்த அளவே இப்பொழுது மிகையாகியிருக்கலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இந்தத் தாழ்வை முன்னிட்டே. முதியவருக்குச் சர்க்கரை சற்று மேலேயே நிற்கட்டும் என்று டாக்டர் சொன்னால், அதை அசட்டை என்று எண்ணவேண்டாம்.

வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பூனைக்கும் நாய்க்கும்கூடச் சர்க்கரை வியாதி வரும், அவற்றுக்கும் இன்சுலின் போடுவார்கள். சில பூனைகளுக்குச் சிகிச்சையால் வியாதி தணிந்து, இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. அது தெரியாமல் பழைய அளவையே போட்டால் தாழ்ந்துவிடும். தீனி தின்னாத அன்று வழக்கமான அளவைப் போடாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பூனை தள்ளாடினால், தின்னக்கூடுமானால் உடனே தீனி வையுங்கள். முடியாவிட்டால் ஈறில் சிறிது தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

உபவாச நாட்கள்

லெந்து காலத்திலும், மாதத்தின் உபவாச ஜெப நாட்களிலும் நம் மக்களில் சிலர் டாக்டரிடம் சொல்லாமலே உபவாசம் இருக்கிறார்கள். சிலர் ஊசியை வழக்கம்போல் போட்டுவிட்டுச் சாப்பிடாதிருப்பார்கள், சர்க்கரை தாழும். வேறு சிலர் புத்திசாலித்தனமாக நினைத்து ஊசியை முழுவதும் நிறுத்திவிடுவார்கள். சிறுவயதிலேயே வியாதி வந்து இன்சுலினையே நம்பி வாழ்கிறவருக்கு அது வேறொரு பேராபத்தைக் கொண்டுவரும். இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே மோசமாகும். இரண்டும் வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அளவை மாற்றிக் கொடுப்பார். சிலரிடம் "உங்களுக்கு உபவாசம் வேண்டாம்" என்பார். உபவாசத்தின் நடுவில் 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே முடித்துவிட வேண்டும்.

ஆராதனையை நடத்துகிற போதகர், "இன்சுலின் போடுகிறவர்கள் வெட்கப்படாமல் சாப்பிடலாம்" என்று ஒரு முறை அறிவித்தால், பத்து மருத்துவ உரைகளைவிட அது பலன் தரும் என்பது எங்கள் எண்ணம். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் நடுவில் எழுந்துபோக நம் மூத்தவர்கள் கூச்சப்படுவார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையும் அப்படியே. மாலையில் போட்ட ஊசி நள்ளிரவுக்குப் பின்னும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆராதனைக்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.

மணி அடிக்காதவர்கள்

அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவர்களுக்கு, நாளடைவில் நடுக்கமும் படபடப்பும் வராமலே போய்விடும். சரீரம் தாழ்வுக்குப் பழகிவிடுகிறது. முன்னறிவிப்பில்லாமல் நேரே மூளை தடுமாறும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் படபடப்பை மறைத்துவிடும், ஆனால் வியர்வை மட்டும் தெரியும். "எனக்கு 50 இருந்தாலும் ஒன்றும் செய்யாது" என்று ஒருவர் சொன்னால், அது பலம் அல்ல. மிகுந்த எச்சரிக்கைக்குரிய நிலை. இப்படிப்பட்டவர் வண்டி ஓட்டுமுன் சர்க்கரையைப் பார்த்தே ஏறவேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், மருந்தைச் சரிசெய்து சில வாரங்கள் ஒருமுறைகூடத் தாழாமல் காத்துக்கொண்டால், அந்த மணி பலருக்கு மறுபடியும் அடிக்கத் தொடங்கும். ஆகையால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் கூடவே எடுத்து வாருங்கள். வாயால் சொல்லுவதைவிட அவற்றைப் பார்த்தால் எங்களுக்கு அதிகம் விளங்கும்.

வீட்டில் குளுக்கோஸ் பொட்டலம் தலைமாட்டில் இருக்கட்டும். சட்டைப்பையில் அல்லது கைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று. ஆலயத்தின் முதலுதவிப் பெட்டியிலும் ஒன்று வையுங்கள். மழைக்காலத்தில் பொடி ஈரம் கோத்துக் கல்லாகிவிடும். ஆகவே மூடியுள்ள டப்பாவில் ஒரு கரண்டியோடு போட்டு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தப் பெட்டியை வெஸ்ட்ரி அறையில் பூட்டி வைப்பதானால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் குறைந்தது மூன்று பேராவது அறிந்திருக்கட்டும்.